சூலூர்: மதிலுக்கு இந்தப் பக்கம்

தமிழ்நாட்டில் 'மிலிட்டரி' என்று சொன்னால் பாதிப் பேருக்கு முதலில் நினைவு வருவது பிரியாணிதான். 'மிலிட்டரி ஓட்டல்' என்று போர்டு இருந்தால் உள்ளே கறி கிடைக்கும் என்று அர்த்தம். நிறைய ஊர்களுக்கு அந்தச் சொல்லோடு அதற்கு மேல் பெரிய பழக்கம் இல்லை. எல்லை எங்கேயோ இருக்கிறது. சண்டை டி.வி.யில் நடக்கிறது.

ஆனால் சில ஊர்கள் அப்படி இல்லை. அரக்கோணம், தாம்பரம், உச்சிப்புளி, வெலிங்டன், சூலூர்... இந்த ஊர்களில் படை என்பது பக்கத்து வீடு. பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவர் வீட்டு மதில் எவ்வளவு உயரம், அதற்குப் பக்கத்தில் நீங்கள் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதை அவர்தான் முடிவு செய்வார். கோவைக்குக் கிழக்கே, திருச்சி ரோட்டில் இருக்கும் சூலூரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்து வீட்டுக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். வரவு என்ன, செலவு என்ன, கணக்கில் வராதது என்ன?

ஊர் எப்படிப்பட்டது?

சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் தாண்டினால் சூலூர். இருபது வருடத்துக்கு முன் இந்த வழியில் பஸ்ஸில் போனவர்கள் ஒண்டிப்புதூருக்கும் சூலூருக்கும் நடுவில் தென்னந்தோப்பையும் சோளக்காட்டையும் பார்த்திருப்பார்கள். இன்றைக்கு கோவை எங்கே முடிகிறது, சூலூர் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டக்டர் சொன்னால்தான் தெரியும். ஊருக்கு இரண்டு குளம், பெரிய குளமும் சின்னக் குளமும். இரண்டுக்கும் நொய்யல் தண்ணீர்தான். குளத்தில் தண்ணீர் நின்றால் நாரை, கொக்கு, கூழைக்கடா எல்லாம் வரும். பைனாகுலரோடு கோவையிலிருந்து ஆட்களும் வருவார்கள்.

சுற்றுவட்டாரத்துக்குச் சோறு போட்டது மூன்று தொழில்: மில், விசைத்தறி, கோழிப்பண்ணை. சூலூர், சோமனூர், பல்லடம் பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் தறிச் சத்தம் கேட்கும். பழைய ஆட்கள் நேரம் பார்த்தது கடிகாரத்தில் அல்ல, மில் சங்கில்.

இந்த மூன்று தொழிலுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. மூன்றும் ஏறும், இறங்கும். நூல் விலை ஏறினால் தறி நிற்கும். கூலி உயர்வு கேட்டு விசைத்தறிக்காரர்கள் 2022-ல் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025-ல் மறுபடி செய்தார்கள். தறி நின்றால் மளிகைக் கடைக் கடன் நோட்டு தடிமனாகும். கோழிக்கு ஒரு சீக்கு வந்தால் பண்ணை காலி. 2020 மார்ச் பொது முடக்கத்தில் நின்ற கோவையின் என்.டி.சி. மில்கள் அதன்பிறகு பழையபடி ஓடவே இல்லை.

இந்த ஊரில், எண்பது வருடமாக மூடாத ஒரே 'மில்' விமானப்படைத் தளம்தான். அங்கே சங்கு ஊதுவதில்லை, அதற்குப் பதில் தலைக்கு மேலே தேஜஸ் பறக்கும்.

தளம் வந்த கதை

இந்தத் தளம் ஊர் கேட்டு வந்தது அல்ல. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் வெள்ளைக்காரர்கள் போட்டது. காங்கயம்பாளையம் பக்கம் நிலத்தை எடுத்து ஓடுதளம் போட்டார்கள். பிரிட்டிஷ் கடற்படை அதைப் பயன்படுத்தியது. கடல் எங்கே, கோயம்புத்தூர் எங்கே என்று கேட்கத் தோன்றும். கப்பலில் இருந்து பறக்கும் விமானங்களுக்கும் கரையில் ஓர் இடம் வேண்டுமே!

அந்தக் காலத்தில் ஊர்க்காரர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு ஒரு தேதி போதும்: 1942 ஆகஸ்ட் 26. 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் நடந்த நேரம். அன்றைக்கு இரவு சூலூர் விமானதளத்துக்குள் போராட்டக்காரர்கள் புகுந்து கொட்டகைகளுக்கும் ராணுவ லாரிகளுக்கும் தீ வைத்தார்கள். கோவை மாவட்ட சுதந்திரப் போராட்டத்தில் இது பெரிய சம்பவம். அதற்குப் பிறகு சுற்றியிருந்த ஊர்களில் போலீஸ் புகுந்தது, பலர் சிறைக்குப் போனார்கள். இந்தத் தளத்துக்கும் இந்த ஊருக்கும் நடந்த முதல் அறிமுகம் அப்படி.

சுதந்திரத்துக்குப் பிறகு அதே ஓடுதளம் இந்தியக் கடற்படையின் கைக்கு வந்தது. இன்று கோவாவில் இருக்கும் ஐ.என்.எஸ். ஹன்சா என்ற கடற்படை விமானதளம் 1961-ல் சூலூரில்தான் ஆரம்பமானது. அதே வருடக் கடைசியில் கோவா இந்தியாவோடு சேர்ந்தது. 1964-ல் ஹன்சா தபோலிமுக்கு மாறிப்போனது. பிறகு சூலூர் முழுக்க விமானப்படையின் ஊர். விமானங்களைப் பிரித்து மேய்ந்து பழுது பார்க்கும் 5-வது பேஸ் ரிப்பேர் டிப்போ இங்கே இருக்கிறது. ஏ.என்.32 சரக்கு விமானங்கள், எம்.ஐ.17 ஹெலிகாப்டர்கள், வானத்தில் வித்தை காட்டும் 'சாரங்' ஹெலிகாப்டர் குழு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

ஆனால் ஊரின் பெயர் இந்தியா முழுக்கத் தெரிந்தது 2018-க்குப் பிறகுதான். பெங்களூரில் 2016-ல் தொடங்கிய முதல் தேஜஸ் அணியான 45-வது ஸ்குவாட்ரன் அந்த வருடம் சூலூருக்கு வந்தது. இரண்டாவது தேஜஸ் அணியான 18-வது ஸ்குவாட்ரனை 2020 மே 27 அன்று சூலூரிலேயே தொடங்கிவைத்தார்கள். 2024 ஆகஸ்டில் 'தரங் சக்தி' என்ற பன்னாட்டுப் பயிற்சியின் முதல் கட்டம் இங்கே நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், ஸ்பெயின் நாட்டுப் போர் விமானங்கள் சூலூரில் இறங்கின. தறி ஓட்டும் ஊருக்கு மேலே ரஃபேலும் டைஃபூனும் பறந்தன.

வரவு

சரி, இதனால் ஊருக்கு என்ன கிடைத்தது?

முதல் வரவு, சம்பளம். மாதக் கடைசியில் நூல் விலையைப் பார்க்காமல், மழையைப் பார்க்காமல் வருகிற சம்பளம். தளத்துக்குள் குடியிருப்பு உண்டு என்றாலும் எல்லோருக்கும் அது போதாது. ஒரு பகுதிக் குடும்பங்கள் வெளியே வாடகைக்கு வருகின்றன. வீட்டுக்காரருக்கு இவர்களைப் பிடிக்கும். வாடகை தவறாது, சண்டை சச்சரவு இருக்காது, மூன்று நான்கு வருடத்தில் மாறுதல் வந்து கிளம்பிவிடுவார்கள், 'காலி பண்ண மாட்டேன்' என்ற பேச்சே இல்லை. கீழே தான் குடியிருந்து மாடியை ஏர்ஃபோர்ஸ்காரருக்கு விடுவது இந்தப் பக்கத்தில் பலருக்கு ஒரு பென்ஷன் மாதிரி. மகள் கல்யாணக் கடனை அந்த மாடி வாடகையிலேயே அடைத்தவர்கள் உண்டு.

இரண்டாவது வரவு, கடைவீதி. இங்கே ஒரு சின்ன சூட்சுமம் இருக்கிறது. படை வீரர் சம்பளம் வாங்கினால் அதை ஊர்க்கடையில்தான் செலவு செய்வார் என்று நினைத்துவிடக் கூடாது. சோப்பு, டூத்பேஸ்ட், பிரஷர் குக்கர், டி.வி. எல்லாம் உள்ளே கேண்டீனில் கிடைக்கும். அங்கே ஜி.எஸ்.டி.யில் ஒரு பகுதி திரும்பக் கிடைப்பதால் விலை குறைவு. வெளியே மளிகைக் கடைக்காரர் அந்த விலைக்குக் கொடுத்தால் கடையை மூட வேண்டியதுதான். அப்படியானால் ஊருக்கு மிஞ்சுவது எது? கேண்டீனில் அடுக்கி வைக்க முடியாதது. காய்கறி, பால், கறி, மீன், தையல், பைக் ரிப்பேர், ஸ்கூல் வேன், டியூஷன், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம். ஊர்க்காரர்களும் இதைப் புரிந்துகொண்டுதான் கடை போடுகிறார்கள். காமர்ஸ் புத்தகத்தில் 'டிமாண்ட்' என்று ஒரு பாடமே இருக்கிறது. அது படிக்காமலேயே இவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, ஊர் கற்றுக்கொண்டது. காய்கறி விற்கும் அக்காவுக்கு 'கித்னா' தெரியும், 'தனியா பத்தா' என்றால் கொத்தமல்லி என்று தெரியும். மளிகைக் கடையில் கடுகெண்ணெய் பாட்டில் நிற்கிறது. இட்லிக் கடையில் ஒரு மூலையில் சப்பாத்தி போடுகிறார்கள். மறுபக்கம், பஞ்சாபிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் கிளம்பிப் போகும்போது சாம்பார்ப் பொடியைக் கட்டிக்கொண்டு போகின்றன. யாரும் மேடை போட்டு தேசிய ஒருமைப்பாடு பேசவில்லை. வாடகை கொடுப்பதும் கொத்தமல்லி வாங்குவதும் அந்த வேலையைச் செய்துவிட்டன.

செலவு

இப்போது எதிர்ப்பக்கம். இந்தப் பக்கத்தைத்தான் யாரும் அதிகம் எழுதுவதில்லை. எழுதினால் தேசபக்தி இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

முதல் செலவு, நிலம். ஓடுதளம் என்பது கிணறு வெட்டுகிற மாதிரி ஒரு முறை செய்து முடிக்கும் வேலை அல்ல. புது விமானம் வந்தால் புதுக் கொட்டகை, புதுப் பாதுகாப்பு, புது இடம் வேண்டும். தளத்தை ஒட்டிக் காடு தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு 'எடுப்பார்களா, எடுக்க மாட்டார்களா' என்ற கேள்வி அப்பா காலத்திலிருந்து இருக்கும். எடுத்தால் ஒரு விலை. எடுக்காமல் எடுக்கப்போவதாகப் பேச்சு மட்டும் இருந்தால்? வாங்க ஆள் வராது, போர் போட மனசு வராது, தென்னை வைக்கவும் யோசனை.

இரண்டாவது செலவு, உயரம். 1903-ம் வருடத்துப் பாதுகாப்புப் பணிகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. படைத்தளத்தின் வேலியை ஒட்டி 100 மீட்டருக்கோ, சில தளங்களில் 900 மீட்டர் வரைக்கோ கட்டடம் கட்ட அரசு தடை போடலாம். தூரம் தளத்துக்குத் தளம் மாறும். இது போக விமானப் பாதுகாப்புக்கான உயரக் கட்டுப்பாட்டு விதிகள் 2015-ல் வந்தன. இவை பயணிகள் விமான நிலையத்துக்கும் உண்டு, படைத்தளத்துக்கும் உண்டு. சூலூருக்கு ஒரு பக்கம் விமானப்படைத் தளம், இன்னொரு பக்கம் கொஞ்ச தூரத்தில் கோவை விமான நிலையம். ஆக மொத்தம் இந்த ஊரின் வானத்துக்கு இரண்டு காவல்காரர்கள்.

இதில் மாட்டிக்கொள்வது பெரிய பில்டர் இல்லை. அவருக்கு வக்கீல் இருக்கிறார். மாட்டுவது மூன்று சென்ட் சைட் வாங்கிய ஆள். திருப்பூர் பனியன் கம்பெனியில் பத்து வருடம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு. விற்கும்போது புரோக்கர் 'ஏர்ஃபோர்ஸ் பக்கத்துல சார், ஏரியா டெவலப் ஆயிரும்' என்று சொல்லியிருப்பார். டெவலப் ஆவது உண்மைதான். ஆனால் பிளான் அப்ரூவலுக்குப் போகும்போதுதான் தடையில்லாச் சான்று என்ற ஒன்று வேண்டும் என்று தெரியவரும். நிலம் இவர் பெயரில், பட்டா இவர் பெயரில், கடன் இவர் பெயரில். மாடி கட்டலாமா என்பதை மட்டும் வேறு யாரோ சொல்ல வேண்டும். தளத்துக்குப் பக்கத்தில் சைட் பார்க்கிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வேலியிலிருந்து தூரம் எவ்வளவு, உயரம் எவ்வளவு அனுமதி என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வாய்ப்பேச்சில் கட்டிய மாடி நிற்காது.

மூன்றாவது செலவு, வரி. அரசியல் சட்டத்தின் 285-வது பிரிவுப்படி மத்திய அரசின் சொத்துக்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி போட முடியாது. ஆக, ஏக்கர் கணக்கில் இருக்கும் தளத்துக்குச் சொத்து வரி கிடையாது. இதே ஏக்கர் கணக்கில் மில்லோ மாலோ இருந்தால் உள்ளாட்சிக்கு வருடா வருடம் வரி வந்திருக்கும். இதற்கு ஒரு மாற்று ஏற்பாடும் உண்டு. 2009-ல் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில், வரிக்குப் பதிலாகச் சேவைக் கட்டணம் கொடுப்பது என்று உச்ச நீதிமன்றத்தில் முடிவானது. உள்ளாட்சியின் வசதிகளை எவ்வளவு பயன்படுத்துகிறார்களோ அதைப் பொறுத்து, சொத்து வரியாக வந்திருக்க வேண்டிய தொகையில் 75, 50 அல்லது 33⅓ சதவீதம். கேட்டு வாங்க வேண்டிய பணம் இது. சின்ன உள்ளாட்சிக்கு இதைக் கணக்குப் போட்டு, கடிதம் எழுதி, துரத்தி வாங்கும் தெம்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நான்காவது செலவு கொஞ்சம் வேடிக்கையானது. விமானதளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் திறந்த வெளியில் ஆடு மாடு அறுக்கக் கூடாது, குப்பை கொட்டக் கூடாது என்று விமான விதிகளில் இருக்கிறது. காரணம் சைவம் இல்லை, பறவை. கறிக் கழிவு கிடந்தால் பருந்து வரும், காக்கை வரும். ஓடுதளத்தில் வேகம் எடுக்கும் ஜெட்டுக்குள் ஒரு பருந்து போனால் எஞ்சினே போய்விடும், பைலட் உயிருக்கே ஆபத்து. ஆனால் ஊரைப் பாருங்கள்: சுற்றிலும் பிராய்லர் கோழிப்பண்ணை, ரோடு ஓரமெல்லாம் கறிக்கடை, வளர்கிற ஊரின் குப்பைக்கு இடமில்லாமல் குளக்கரையில் கொட்டுகிற பழக்கம். குளத்தில் பறவை வந்தால் படம் எடுக்க வருகிறவருக்குச் சந்தோஷம், விமானியின் வயிற்றில் புளி கரையும். சாதாரண ஊரில் குப்பை என்பது நாற்றம் மட்டும்தான். இந்த ஊரில் அது விமான விபத்துக்கும் காரணமாகலாம். அதனால்தான் சூலூர் மாதிரியான ஊருக்கு ஒழுங்கான குப்பைக் கிடங்கு என்பது ஆடம்பரம் அல்ல, அதை மத்திய அரசும் சேர்ந்து செலவு செய்து கட்டிக் கொடுத்தால்கூடத் தப்பில்லை.

சத்தத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஜெட் கிளம்பும்போது வகுப்பில் வாத்தியார் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார். போனில் பேசுகிறவர் 'ஒரு நிமிசம்' என்று சொல்லாமலே நிறுத்துவார், அந்தப் பக்கம் இருப்பவருக்கும் புரியும். வெளியூரில் இருந்து பெண் கொடுத்தவர்கள் முதல் தடவை வரும்போது மட்டும் வாசலுக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் ட்ரோன் விட்டுப் படம் எடுக்கலாம் என்று வரும் போட்டோகிராஃபருக்கும் இங்கே வேலை இல்லை. படைத்தளம் இருக்கிற இடம் சிவப்பு மண்டலம், அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கக் கூடாது.

கணக்கில் எழுதாதது

வரவும் செலவும் எழுதிவிட்டால் கணக்கு முடிந்ததா? அக்கவுண்டன்சியில் 'குட்வில்' என்று ஒரு சமாச்சாரம் உண்டு. ஒரு கடை இருபது வருடத்தில் சம்பாதித்த நல்ல பெயர். கடை ஓடிக்கொண்டிருக்கும்வரை யாரும் அதை ஏட்டில் எழுதுவதில்லை. கடை கை மாறும்போதுதான் அதற்கு என்ன விலை என்று தெரியும்.

2021 டிசம்பர் 8. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவருடைய மனைவி மதுலிகா, உடன் வந்த அதிகாரிகள், வீரர்கள் என்று 14 பேர் இருந்த எம்.ஐ.17 வி5 ஹெலிகாப்டர் காலை 11.48-க்குச் சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பியது. 12.15-க்கு இறங்கியிருக்க வேண்டும். 12.08 வாக்கில் சூலூர் கட்டுப்பாட்டு அறையோடு தொடர்பு அறுந்தது. குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. 13 பேர் அன்றைக்கே இறந்தார்கள். உயிரோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 15-ல் இறந்தார்.

மறுநாள் உடல்களை வெலிங்டனிலிருந்து சாலை வழியாகச் சூலூர் தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். மலை இறங்கி மேட்டுப்பாளையம் வழியாகச் சூலூர்வரை ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம். யாரும் கூப்பிட்டு வரவில்லை, லாரி வைத்து ஆள் கூட்டவில்லை. ஆம்புலன்ஸ்கள் மேல் பூவைத் தூவினார்கள். அந்த வண்டிகளுக்குள் இருந்தவர்களில் பெரும்பாலானோர் தமிழ் தெரியாதவர்கள். பூ தூவியவர்களில் பெரும்பாலானோர் அவர்களை நேரில் பார்த்ததில்லை.

1942 ஆகஸ்டில் இதே தளத்தின் லாரிகளுக்குத் தீ வைத்த சுற்றுவட்டாரம் இது. எழுபத்தொன்பது வருடம் கழித்து, இதே தளத்துக்குப் போகும் வண்டிகளுக்குப் பூப்போட்டது. மனிதர்கள் மாறிவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அன்றைக்கு அது அந்நியனின் தளம், இன்றைக்கு அது பக்கத்து வீடு. அந்த வித்தியாசத்தைக் கட்டியது மேடைப் பேச்சு அல்ல. மாடி வீட்டு வாடகை, கொத்தமல்லிக் கட்டு, ஸ்கூல் வேன், கேந்திரிய வித்யாலயாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகள்... இப்படிச் சேர்ந்த குட்வில் அது.

2025 நவம்பர் 21-ல் துபாய் விமானக் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து விங் கமாண்டர் நமன்ஷ் சியால் இறந்தார். சொந்த ஊர் இமாச்சலப் பிரதேசம். ஆனால் அவர் உடல் முதலில் வந்து இறங்கியது சூலூரில், அங்கிருந்துதான் ஊருக்குப் போனது. டி.வி.யில் அந்தச் செய்தி ஓடும்போது மற்ற ஊர்க்காரர்கள் 'எந்த விமானம், என்ன கோளாறு' என்று பேசியிருப்பார்கள். இந்த ஊரில் தலைக்கு மேலே தினமும் கேட்கிற சத்தம் அந்த விமானத்தினுடையது. அதை ஓட்டுகிறவர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்றும் இங்கே தெரியும்.

வாடகையா, வேலையா?

குட்வில் இருக்கிறது என்பதற்காகச் செலவுப் பக்கத்தைக் கிழித்துப் போட முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. இத்தனை வருடமாக ஊர் இந்தத் தளத்திடமிருந்து சம்பாதித்தது பெரும்பாலும் வாடகையும் சில்லறை வியாபாரமும்தான். அது பாதுகாப்பான வருமானம், ஆனால் வளராத வருமானம். மாடி வீட்டை மூன்று பேருக்கு வாடகைக்கு விட முடியாது.

வளரும் வருமானம் வேறு இடத்தில் இருக்கிறது. 2018 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் இரண்டு அறிவித்தார்கள், ஒன்று தமிழ்நாட்டுக்கு, ஒன்று உத்தரப் பிரதேசத்துக்கு. தமிழ்நாட்டு வழித்தடத்தின் ஐந்து முனைகளில் கோவையும் ஒன்று. 2025 ஜூலையில் எல் அண்ட் டி நிறுவனத்தின் கோவை ஆலை, தேஜஸ் மார்க் 1ஏ விமானத்துக்கான முதல் இறக்கைகளைச் செய்து எச்.ஏ.எல்.லிடம் ஒப்படைத்தது. பம்ப் செட்டும் கிரைண்டரும் செய்த மாவட்டம் இப்போது போர் விமானத்தின் இறக்கை செய்கிறது! லேத் பட்டறையில் வளர்ந்த ஊர்களுக்கு இது எட்டாத வேலை இல்லை. ஐ.டி.ஐ. முடித்த பையன் தளத்தின் வாசலில் ஆட்டோ ஓட்டுவதற்கும், தளத்தில் பறக்கும் விமானத்துக்கு உதிரிபாகம் கடைவதற்கும் உள்ள வித்தியாசம்தான் அடுத்த இருபது வருடத்தில் சூலூரின் வித்தியாசம்.

ஆனால் அங்கேயும் பழைய கேள்வி வருகிறது: நிலம் யாருடையது? சூலூர் தாலுகா வாரப்பட்டியில் தொழில் பூங்கா பேச்சு வந்தபோது சுற்றியுள்ள விவசாயிகள் எதிர்த்துப் போராடினார்கள். தண்ணீர் என்ன ஆகும், காடு என்ன ஆகும் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. 1940-களில் ஓடுதளம் போட்டவன் யாரையும் கேட்கவில்லை, அவன் கேட்கவேண்டிய அவசியமும் அன்றைக்கு இல்லை. இன்றைக்கு ஓட்டுப் போடுகிற ஜனங்களிடம் கேட்காமல் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

தளத்தின் மதிலை யாரும் இடிக்கச் சொல்லவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டச் சொல்லவும் இல்லை. அது ரகசியமாக இருக்க வேண்டியதுதான். ஆனால் மதிலுக்கு இந்தப் பக்கம் எதுவும் ரகசியமாக இருக்கத் தேவையில்லை. எந்த சர்வே எண்ணில் எத்தனை மாடி கட்டலாம், எந்த நிலம் எடுக்கப்படும், எது எடுக்கப்படாது, சேவைக் கட்டணம் எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது: இந்த நான்கையும் ஒரு போர்டில் எழுதி உள்ளாட்சி அலுவலக வாசலில் வைத்தால் போதும். மூன்று சென்ட் வாங்குகிற பனியன் கம்பெனித் தொழிலாளி அந்த போர்டைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லபடியாக இருக்க வேண்டுமானால் பொதுச்சுவர் யாருடையது, எதுவரை என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும் என்று கொங்குநாட்டில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார்.